இன்னா, ஆனா, அட்டா: என்கிராம் வியூவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தமிழில் ‘இல்’ ஒன்றே பெரும்பாலும் போதும். சுவரில் படம், சுவரில் ஓட்டை, மரத்தில் பழம், மரத்தில் கிளி: எல்லாச் சுமையையும் அந்த ஓர் உருபே தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்துக்குப் போனால் படம் ‘ஆன் த வால்’, ஓட்டை ‘இன் த வால்’. பழம் ‘ஆன் த ட்ரீ’, கிளி ‘இன் த ட்ரீ’. கதவில் மாட்டிய பெயர்ப்பலகை ‘ஆன் த டோர்’, கதவைத் தட்டிவிட்டு நிற்கிறவர் ‘அட் த டோர்’, நிலைச்சட்டத்துக்குள் சாய்ந்து நிற்கிறவர் ‘இன் த டோர்வே’. தமிழ் வாக்கியத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த வேறுபாடு அதில் கிடைக்காது. அதனால் சந்தேகம் வந்ததும் ‘எது அதிகம் புழங்குகிறது’ என்று எண்ணிச் சொல்லும் கருவியிடம் போகத் தோன்றும். அந்த வகையில் எளிதாகக் கைக்கு எட்டுவது கூகுள் புக்ஸ் என்கிராம் வியூவர். 2010 டிசம்பரில் வெளிவந்தது, இலவசம், கணக்கு எதுவும் தொடங்க வேண்டியதில்லை.

இடத்தைக் குறிக்கும் ப்ரிபொசிஷன் (‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ போல, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சொல்) ஒன்றைத் தேர்ந்தெடுக்க இது எந்த அளவு உதவும் என்பது மட்டும்தான் இங்கே பேச்சு. சொற்களின் வரலாற்றை ஆராய இது பொன்னான கருவி; அது தனிக் கதை. ப்ரிபொசிஷன் விஷயத்தில் இதன் குணம் வேறு. கேள்வியைச் சரியாக அமைத்தால் வேறெங்கும் கிடைக்காத பதிலைத் தரும். அரைகுறையாகக் கேட்டால், அழகான வண்ணக்கோடு போட்டுத் தவறான பதிலைத் தரும். கோடு வழவழவென்று இருப்பதால் சந்தேகமே வராது, அதுதான் ஆபத்து.

கருவி எண்ணுவது என்ன என்று தெரிந்தால் பாதி ஆபத்து நீங்கும். கூகுள் மின்னாக்கிய நூல்களில், அடுத்தடுத்து வரும் ஒன்று முதல் ஐந்து சொற்கள் வரையிலான தொடர்களை ஆண்டுவாரியாக எண்ணி வைத்திருக்கிறார்கள். நீங்கள் மூன்று சொல் தொடர் ஒன்றைக் கேட்டால், அந்த ஆண்டின் நூல்களில் வந்த எல்லா மூன்று சொல் தொடர்களிலும் அது எத்தனை சதவீதம் என்பதே கோட்டின் உயரம். 40 நூல்களிலாவது வராத தொடர் கணக்கிலேயே சேராது. ஆகவே ‘வரைய எதுவும் இல்லை’ என்று திரை காட்டினால் அந்தத் தொடர் தவறு என்று பொருளல்ல. அரிது என்று மட்டும் பொருள். நான்கைந்து சொல் தொடர்களைத் தேடும்போது இது அடிக்கடி நேரும்.

அமைப்புகளை மாற்றாமல் தேடக் கூடாது. முதல் வேலை, ஆண்டு. தானாக வரும் தொடக்கம் 1800. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ‘அரைவ்ட் அட் பாரிஸ்’ சர்வ சாதாரணம். இன்று பெருநகரத்துக்கு ‘அரைவ்ட் இன்’ என்றே எழுதுவார்கள். 200 ஆண்டுக் கோட்டைப் பார்த்துவிட்டு ‘இரண்டும் உண்டு போல’ என்று முடிவு கட்டுவது எளிது. தொடக்கத்தை 1960 அல்லது 1980 என்று மாற்றிவிடுங்கள். அடுத்து, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் தேடும் பெட்டியில் டிக் செய்யுங்கள். இல்லையென்றால் வாக்கியத் தொடக்கத்தில் வரும் ‘அட் த கார்னர்’ கணக்கில் விழாது. ஸ்மூத்திங் என்பதில் 3 என்று இருக்கும்: ஒவ்வோர் ஆண்டுக்கும் முன்னே மூன்று, பின்னே மூன்று என ஏழு ஆண்டுகளின் சராசரி. நம் தேவைக்கு அதை அப்படியே விட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் முக்கியம்: எந்தத் தொகுப்பு. பொது ஆங்கிலம், அமெரிக்க ஆங்கிலம், பிரிட்டிஷ் ஆங்கிலம், ஆங்கிலப் புனைவு என்று தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். இடம் சொல்லும் ப்ரிபொசிஷனுக்குப் புனைவுத் தொகுப்பே மேல். காரணம் எளிது. பொதுத் தொகுப்பில் 20ஆம் நூற்றாண்டு நெடுக ஆய்வு நூல்களும் தொழில்நுட்ப நூல்களும் பெருகிக்கொண்டே போகின்றன. அங்கே ‘இன் த டேபிள்’, ‘இன் த ஃபீல்டு’ என்பவை மேசையையோ வயலையோ குறிப்பது குறைவு. அட்டவணையையும் துறையையும் குறிப்பதே அதிகம். கதையில்தான் மனிதர்கள் உண்மையான மேசையில் தட்டை வைக்கிறார்கள், உண்மையான மூலையில் நிற்கிறார்கள்.

கருவி பளிச்சென்று வேலை செய்யும் இடம் பிரிட்டிஷ், அமெரிக்க வேறுபாடு. ‘இன் த ஸ்ட்ரீட்’, ‘ஆன் த ஸ்ட்ரீட்’ இரண்டையும் கமா போட்டு எழுதி, முதலில் ஒரு தொகுப்பிலும் பிறகு மற்றதிலும் பாருங்கள். அமெரிக்கத் தொகுப்பில் 20ஆம் நூற்றாண்டில் ‘ஆன்’ கோடு ஏறி ‘இன்’ கோட்டை முந்துகிறது. பிரிட்டிஷ் தொகுப்பில் ‘இன்’ நெடுங்காலம் மேலே இருக்கிறது, ஆனால் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. எந்த இலக்கண விதியும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டாது. இரண்டும் சரி, வாசகர் எந்த நாட்டவர் என்பதே கேள்வி என்று ஒரே பார்வையில் புரிந்துவிடுகிறது. தொடருக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்துத் தொகுப்பின் குறியீட்டை எழுதினால் இரு நாட்டுக் கோடுகளையும் ஒரே படத்தில் வரைய வைக்கலாம். இரண்டு தாவல்களைத் திறந்து வைத்துக்கொண்டு தலையை ஆட்ட வேண்டியதில்லை.

இதே நம்பிக்கையோடு ‘இன் ஹாஸ்பிட்டல்’ என்று தேடினால் சறுக்கும். நோயாளியாகப் படுத்திருப்பதைப் பிரிட்டிஷார் ‘த’ இல்லாமல் ‘இன் ஹாஸ்பிட்டல்’ என்பார்கள். அமெரிக்கர்கள் ‘இன் த ஹாஸ்பிட்டல்’ என்பார்கள். ஆனால் அமெரிக்கத் தொகுப்பிலும் ‘த’ இல்லாத வடிவம் கணிசமாகத் தெரியும். ஏனென்றால் ‘இன் ஹாஸ்பிட்டல் பெட்ஸ்’, ‘இன் ஹாஸ்பிட்டல் வார்ட்ஸ்’ என்று வருகிற இடங்களிலும் முதல் இரண்டு சொற்கள் அவையேதான். கருவி தொடரை அங்கேயே வெட்டி எண்ணிவிடுகிறது. அடுத்த சொல் என்ன என்று எட்டிப் பார்ப்பதில்லை. ‘இன் த கார்’ என்பதில் ‘கார் பார்க்’ ஒளிந்திருக்கும். ‘இன் த கார்னர்’ என்பதில் ‘கார்னர் ஆஃபீஸ்’ ஒளிந்திருக்கும். தீர்வு, இருபுறமும் வேலி போடுவது. ‘வாஸ் இன் ஹாஸ்பிட்டல் வித்’, ‘வாஸ் இன் த ஹாஸ்பிட்டல் வித்’ என்று கேளுங்கள். பின்னால் ‘வித்’ வந்துவிட்டதால் படுக்கையும் வார்டும் உள்ளே நுழைய முடியாது. ஒன்று நான்கு சொல், மற்றது ஐந்து சொல், ஆகவே இரண்டின் சதவீதமும் வெவ்வேறு மொத்தத்துக்கானது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தெரிந்தால் நம்பலாம். நூலிழை வித்தியாசத்தை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

இன்னொரு பொறி வினைச்சொல்லிலிருந்து வருகிறது. ‘அட் த வால்’, ‘ஆன் த வால்’, ‘இன் த வால்’ மூன்றையும் தேடினால் ‘அட்’ கோடும் கண்ணில் படும்படியே ஓடும். உடனே ‘படம் அட் த வால் என்றும் எழுதலாம் போலிருக்கிறது’ என்று நினைத்தால் தொலைந்தோம். அந்த ‘அட்’ பெரும்பாலும் சுவரை வெறித்துப் பார்க்கிறவர்களுடையது: ‘லுக்ட் அட் த வால்’, ‘ஸ்டேர்டு அட் த வால்’. அங்கே சுவர் பார்வையின் இலக்கு; எதுவும் அதில் இருக்கவில்லை. ‘ஆன் த லைட்’ என்பதிலும் விளக்கின்மேல் எதுவும் உட்கார்ந்திருக்காது, ‘டர்ன் ஆன்’ என்பதன் வால்தான் அது. இடத்தைத்தான் கேட்கிறோம் என்றால், இருப்பைச் சொல்லும் வினையை முன்னால் மாட்டுங்கள்: ‘ஹேங்கிங் ஆன் த வால்’, ‘ஹேங்கிங் இன் த வால்’, ‘ஹேங்கிங் அட் த வால்’. இப்போது படம் தெளிந்துவிடும்.

வினையைச் சேர்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. சந்தேகம் வரும்போது நம் மனதில் இரண்டு சொற்கள்தான் இருக்கும். சரியான விடை மூன்றாவதாக இருக்கலாம். ‘தெருவில் நடந்துகொண்டிருந்தார்’ என்பதற்கு ‘இன்’னா ‘ஆன்’னா என்று இரண்டை மட்டும் மோதவிட்டால் ஏதோ ஒன்று ஜெயிக்கும். ப்ரிபொசிஷன் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறி போட்டு ‘வாக்கிங்’ என்பதற்கும் ‘த ஸ்ட்ரீட்’ என்பதற்கும் நடுவே விட்டுப் பாருங்கள். ‘டவுன்’ வந்து முன்னால் நிற்கும், ‘அலாங்’ பின்தொடரும். நடை என்பது தெருவின் நீளத்தில் நகர்வது. ஆங்கிலம் அந்த நீளத்தைத்தான் சொல்ல விரும்புகிறது. இரண்டையே தேடியவருக்கு இது தெரியவே போவதில்லை.

நட்சத்திரக் குறிக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு தொடரில் ஒன்றுதான் போடலாம். அதிகம் வரும் பத்துச் சொற்களை மட்டும் காட்டும். அந்தப் பத்தும் நீங்கள் குறித்த ஆண்டுகளை வைத்தே தேர்வாகும் என்பதால் 1800 என்ற தொடக்கத்தை இங்கேயும் மாற்றியாக வேண்டும். வினை எதுவும் இல்லாமல் வெறுமனே தேடினால் ‘அண்ட்’ போன்றவையும் உள்ளே வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க, நட்சத்திரத்துக்குப் பின் அடிக்கோடு போட்டு ஏ, டி, பி என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்தால் ப்ரிபொசிஷன்கள் மட்டும் வரும். ‘ஆஃப்’ கட்டாயம் வந்து நிற்கும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம். ‘டவுன்’, ‘அப்’ போன்றவற்றுக்குக் கருவி வேறு முத்திரை குத்தியிருக்க வாய்ப்புண்டு என்பதால், வினை இருக்கும்போது வெறும் நட்சத்திரமே நல்லது. ஏ.டி.பி. என்பது ‘அட்பொசிஷன்’ என்பதன் சுருக்கம், சொல்லுக்கு முன்னால் வருவதையும் பின்னால் வருவதையும் சேர்த்துக் குறிக்கும் பெயர். நம் ‘மேல்’, ‘அருகே’, ‘எதிரில்’ எல்லாம் இரண்டாம் வகை. தமிழுக்கு இடம் வைத்த ஒரே பெட்டி இந்தக் கருவியில் அதுதான் என்று சொல்லிக்கொள்ளலாம்!

இனி, எவ்வளவு சாமர்த்தியமாகக் கேட்டாலும் கைவிரிக்கும் இடங்கள்.

‘மூலை’ அதற்கு நல்ல சோதனை. அறையின் மூலைக்கு ‘இன் த கார்னர்’, ஏனென்றால் இரு சுவர்கள் ஒரு பொந்துபோல் அணைத்துக்கொள்கின்றன. தெருமுனைக்கு ‘அட் த கார்னர்’ அல்லது ‘ஆன் த கார்னர்’, அங்கே வெளிப்புறமாக நிற்கிறோம். ஆகவே கேட்க வேண்டியது ‘கார்னர் ஆஃப் த ரூம்’ என்பதற்கு முன் எது, ‘கார்னர் ஆஃப் த ஸ்ட்ரீட்’ என்பதற்கு முன் எது என்று. எண்ணிப் பாருங்கள்: ‘இன் த கார்னர் ஆஃப் த ரூம்’ ஆறு சொல். கருவியின் எல்லை ஐந்து. எந்தச் சொல் பொருளைத் தீர்மானிக்கிறதோ அந்த ஆறாவது சொல்லுக்கு இடமில்லை. ‘இன் த கார்னர் ஆஃப் த’ என்று ஐந்தோடு நிறுத்தினால் அறை, தெரு, பக்கம், கண் எல்லாம் கலந்துவிடும். ‘இன் எ டார்க் கார்னர்’, ‘ஆன் எ ஸ்ட்ரீட் கார்னர்’ என்று சுற்றுவழியில் கேட்கலாம். ஓரளவு விடை கிடைக்கும், நேரடியாகக் கிடைக்காது.

வாகனங்களிலும் இதே குறை, வேறு வடிவத்தில். ‘ஆன் த பஸ்’ மேலே, ‘இன் த பஸ்’ கீழே. ‘இன் த கார்’ மேலே, ‘ஆன் த கார்’ கீழே. எண்ணிக்கை சரிதான். ஆனால் ‘இன் த பஸ்’ பூஜ்யமாகாததற்குக் காரணம் அது வண்டியின் உட்புறத்தைக் குறிப்பாகச் சொல்ல வசதியானது என்பது. ‘ஆன் த கார்’ பூஜ்யமாகாததற்குக் காரணம் காரின் கூரைமேலும் பொருள்கள் இருக்கும் என்பது. முதலாவது மாற்று வடிவம், இரண்டாவது முற்றிலும் வேறு காட்சி. படத்தில் இரண்டும் தாழ்ந்த கோடுகள், அவ்வளவுதான். எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயில், கப்பல், விமானம் ஆகியவற்றுக்கு ‘ஆன்’. உடலை மடக்கி உட்கார வேண்டிய கார், டாக்சிக்கு ‘இன்’ என்ற கைக்கணக்கு அகராதியிலும் ஆசிரியரிடமும்தான் கிடைக்கும்.

திசைகள் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே பிழை செய்தால் இடமே மாறிவிடும். ‘இன் த நார்த் ஆஃப்’ என்றால் எல்லைக்குள்ளேயே வடபகுதியில். ‘டு த நார்த் ஆஃப்’ என்றால் எல்லையைத் தாண்டி வடக்கே. தமிழில் ‘நாட்டின் வடக்கில்’, ‘நாட்டுக்கு வடக்கே’ என்று உருபே இதைப் பிரித்துக் காட்டுகிறது; இந்த ஒரு விஷயத்தில் தமிழைப் பின்பற்றினாலே போதும், ‘உக்கு’ வந்தால் ‘டு’. எது அதிகம் வருகிறது என்று இங்கே எண்ணிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஆற்றோரத்து ஊருக்கு ‘ஆன் த ரிவர்’, ஆற்றில் நீந்துகிறவருக்கு ‘இன் த ரிவர்’ என்பதும் அப்படியே. எண்ணிக்கையில் ஜெயித்ததை எடுத்து ஊரை ‘இன்’ போட்டு எழுதினால் ஊர் தண்ணீருக்குள் போய்விடும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் காட்சியைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: அந்த இடத்தை ஒரு புள்ளியாகப் பார்க்கிறீர்களா, பரப்பாகவா, சூழ்ந்திருக்கும் வெளியாகவா? புள்ளிக்கு ‘அட்’, பரப்புக்கு ‘ஆன்’, வெளிக்கு ‘இன்’. ‘அட் த டேபிள்’ என்றால் உண்ணவோ எழுதவோ உட்கார்ந்திருக்கிறார். ‘ஆன் த டேபிள்’ என்றால் மேசைமேல் ஏறிவிட்டார். ‘இன் பெட்’ என்றால் போர்வைக்குள், ‘ஆன் த பெட்’ என்றால் விரிப்பின்மேல். சாய்வு நாற்காலி ஆளை விழுங்கிக்கொள்வதால் ‘இன் அன் ஆர்ம்சேர்’, சாதா நாற்காலி பலகை மட்டும் தருவதால் பெரும்பாலும் ‘ஆன் எ சேர்’. அடுத்து, கற்போருக்கான ஆங்கில அகராதி ஒன்றில் அந்தப் பெயர்ச்சொல்லைத் திறந்து எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். ப்ரிபொசிஷனைத் தேடிப் போனால் இருபது உட்பிரிவுகளில் மாட்டிக்கொள்வீர்கள், பெயர்ச்சொல்லுக்கு அடியில் விடை இரண்டு வரியில் இருக்கும். அதன் பிறகும் இரண்டு வடிவங்கள் மிஞ்சினால் அப்போது என்கிராம் வியூவருக்கு வாருங்கள்.

வந்தபின் கோட்டோடு நிறுத்திவிடாதீர்கள். படத்துக்குக் கீழே ஆண்டு இடைவெளிகள் இணைப்புகளாக இருக்கும். சொடுக்கினால் கூகுள் புக்ஸ் தேடல் திறந்து, தொடர் வரும் நூல்களின் துணுக்குகளைக் காட்டும். பத்துத் துணுக்குகளைப் படித்தாலே ‘கார் பார்க்’ வகைக் கலப்படம் எவ்வளவு என்று பிடிபட்டுவிடும். ஒரு பதிப்புக்கு ஓர் ஓட்டு என்பதும் நினைவிருக்கட்டும்: லட்சம் பேர் படித்த நாவலும் நூலகத்தில் தூசி படிந்த அறிக்கையும் இங்கே ஒன்றுபோலத்தான் எண்ணப்படும்.

பேச்சில் எது வரும் என்று தெரிய வேண்டுமானால் இந்தக் கருவியை விட்டுவிடுங்கள், இதில் இருப்பது அச்சிட்ட நூல்கள் மட்டுமே. அமெரிக்கப் பேச்சுக்கு ‘கார்ப்பஸ் ஆஃப் கன்டெம்பரரி அமெரிக்கன் இங்கிலீஷ்’ என்ற கோகா தொகுப்பு: 100 கோடிச் சொற்கள், 1990 முதல் 2019 வரை, பேச்சு தனிப் பிரிவு. பிரிட்டிஷ் பேச்சுக்கு ‘பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ்’ என்ற பி.என்.சி.: 10 கோடிச் சொற்கள், அதில் பத்தில் ஒரு பங்கு பேச்சு, ஆனால் 1990களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. கோகாவுக்கு இலவசப் பதிவு வேண்டும், நாளொன்றுக்குத் தேடல் வரம்பு உண்டு, திரையும் கண்ணுக்கு இதமாக இருக்காது. ஆனால் தேடிய தொடரை நடுவில் வைத்து இருபுறத்துச் சொற்களையும் வரிவரியாகக் காட்டும். வலப்பக்கச் சொல்லை வைத்து அகரவரிசைப்படுத்தினால் ‘இன் த கார்னர் ஆஃப் த ரூம்’ எல்லாம் ஓரிடத்திலும் ‘ஆன் த கார்னர் ஆஃப் த ஸ்ட்ரீட்’ எல்லாம் இன்னோரிடத்திலும் வந்து சேர்ந்துவிடும். அந்த ஆறாவது சொல் அங்கே தெரியும்.